முப்பத்தோராம் நாளுக்குப் பின் வந்தவர்

குடைக் கம்பி யாரோ ஒருவரின் கண்ணுக்கு அரை விரல் தூரத்தில் போய் நின்றதை இராசமலர் கவனிக்கவேயில்லை. அவள் காதில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ்... குடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ."

போனில் பாடம் நடத்தும் சேர்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அதே நொடியில் போனுக்குள் அதே சேர், "எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் எப்படிக் கேட்பது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே குரல்... ஒன்று காதுக்குள்ளே, மற்றது மழைக்குள்ளே.

அது 2007 மாரி. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். வாகனம், மாடு, மனிதர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதக்கும் இரும்புத் தளத்தில்தான் ஊரே அக்கரைக்குப் போய்வந்தது. இராசமலருக்கு ஓர்ஸ் ஹில்லில் வீடு, கிண்ணியாவில் மிட்வைஃப் வேலை. சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம். இரவு பகல் பாராமல் பிரசவத்துக்கு ஓடுகிறவள் எந்த வகுப்பில் போய் உட்காருவாள்?

அதனால்தான் போன் பாடம். சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தியது. இலக்கத்தை அழுத்தினால் பதிவுசெய்த பத்து நிமிடப் பாடம், கடைசியில் ஒரு கேள்வி, பிறகு ஒரு பீப். பதிலைச் சொல்லிவைத்தால் மறுநாள் சேர் பெயர் சொல்லித் திருத்துவார். மீன் வியாபாரி, தையல்காரி, பஸ் கண்டக்டர், தமிழர், முஸ்லிம் என்று முப்பது பேர் வேலைக்கு நடுவே படித்தார்கள். இராசமலர் பீப்புக்குப் பிறகு பதிலோடு நிறுத்தவில்லை. களைப்பு, கவலை, மூன்று தடவை தட்டிப்போன கல்யாணப் பேச்சு... எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அரைகுறைச் சிங்களத்தில் சொன்னால் வெட்கம் தெரிவதில்லை, என்ன செய்ய. ஐந்து மாதத்தில் அந்தக் குரலுக்கு மனசையும் கொடுத்துவிட்டாள். முகம்தான் தெரியாது.

இப்போது குடையை உயர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

தெரிந்த முகம். துறையடிச் சுவரில் ஒரு வருடமாக ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் தினமும் பார்த்த முகம். கப்பல்துறை சிவகுருநாதன். மறைவு, 2006 ஆவணி. படத்தில் அசையாமலிருந்த அந்தப் பெரிய கண்கள் மழைத்துளி பட்டுச் சிமிட்டின. பாழாய்ப்போன அழகு வேறு அந்தக் கண்களில்...

பாதையில் மூச்சுவிட இடமில்லாத நெரிசல். அவரைச் சுற்றி மட்டும் ஒரு பாய் விரிக்கலாம் போல் இடம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள்... ஆர்?"

"இராசமலரோ?" அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "குரலிலயே பிடிச்சிட்டன். நேற்று நீங்கள் சொன்ன பதிலில ரெண்டு பிழை. குடை பிடிக்கிறதில இன்னொண்டு."

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். அன்று குடையைக் கீழே போட்டு, "போன் சேர்... செத்தவர்" என்று வாய் குழறக் கத்தி, கரை தட்டியதும் ஓட்டமாக ஓடினாள்.

கிளினிக்கில் கூட வேலை செய்யும் ஸல்ஹா தேத்தண்ணி கொடுத்துத்தான் அவள் நடுக்கத்தை நிறுத்தினாள்.

"பேயுமில்ல ஒண்டுமில்ல. அவரு போன வள்ளம் கவுண்டு, வேற ஆரோ ஒருத்தர்ட மையத்து கரையொதுங்கிச்சு. சட்டையப் பாத்து அவருதான் எண்டு ஊட்டுக்காரங்க எரிச்சு, முப்பத்தொண்டாம் நாள் காரியமும் செஞ்சு முடிச்சாங்க. நாலு மாசத்தால ஆளு, பேரு ஊரு தெரியாமக் கெடந்த ஆஸ்பத்திரியில இருந்து நடந்து வாறாரு. காரியம் முடிஞ்ச ஆளோட கதைச்சா கூடாதாமே? உங்கட ஆக்கள் ஒதுக்கி வெச்சிட்டாங்க. எங்கட கடையிலதான் அவரு தேத்தண்ணி குடிக்கிறது."

பயம் போயிற்று. அதன் இடத்தில் கோபம் வந்து குந்திக்கொண்டது. என் மனசையெல்லாம் கேட்ட மனுஷன், தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? நான் என்ன அவ்வளவு இளப்பமா? வீட்டில் அம்மா வேறு, "அந்தக் குரலை இனி வீட்டுக்குள்ள எடுக்காதை" என்று சொல்லிவிட்டார்.

எட்டு நாள் பாடம் கேட்டாள். பீப்புக்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மறுநாளும் அந்தக் குரல் மெல்லச் சொல்லும்: "இராசமலர், நேற்று மழைச் சத்தம் மட்டும் கேட்டது."

ஒன்பதாம் நாள் பின்னேரம் வேறு செய்தி வந்தது. "இது என் கடைசிப் பாடம். நான் யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செத்தவன் குரல் வேண்டாம் என்று பலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளை வேறொருவர் வருவார்."

பாதையில் நின்று, போன் சேர் செத்தவர் என்று கத்தியது யார்? அதை ஊரெல்லாம் காவிக்கொண்டு போகவைத்தது யார்? அவளேதான். கோபம், ரோசம் எல்லாம் கரைந்தது. ஸல்ஹாவின் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அவர் திரும்பும் நேரம்; துறைக்கு ஓடினாள்.

பாதை புறப்பட இருந்தது. மழை. அதே நெரிசல், அதே வெறும் இடம், நடுவே அவர். இராசமலர் ஆட்களை விலக்கிக்கொண்டு அந்த இடத்துக்குள் போய் நின்றாள்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது, நான் செத்தனான் எண்டோ?" அவர் சிரிக்கப் பார்த்தார். ஏலவில்லை. "போனில மட்டும்தான் நான் உயிரோட இருந்தனான். வீட்டில அம்மா என்ர படத்துக்கு விளக்குக் கொளுத்துறா. இலையில சோறு வைப்பா... நான் வரமுதல் உள்ளுக்குப் போயிடுவா. படையல் மாதிரி. சில நேரம் எனக்கே ஐமிச்சம், நான் திரும்பி வந்தனானோ இல்லையோ எண்டு. பதினொரு மாசம், ஒரு கை என்னில படேல்லை."

அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அசையாதேங்கோ. எண்ணுறன்."

தண்ணீரைப் பார்த்தவர்களெல்லாம் இப்போது இவர்களைப் பார்த்தார்கள். அவள் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாகப் போனது.

"நூற்றுப்பத்து. செத்தவைக்கு இப்பிடி ஓடாது."

"அது... நீங்கள் பிடிச்சதால."

அவள் முகம் சிவந்தது. கையை விடவில்லை. "என்னாலதான் உங்கட பாடம் போனது. அதுக்கு மன்னிப்பு பிறகு கேக்கிறன். இப்ப வேற சொல்ல வந்தனான். எனக்கு உங்களை விருப்பம். முகம் தெரியாத நாளிலயே விருப்பம்."

அந்தப் பெரிய கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கும்தான்... நீங்கள் பேசாத எட்டு நாளும் நான் உண்மையாவே செத்தனான். ஆனால் யோசியுங்கோ. என்ர பேரில இருக்கிறது மரணப் பத்திரம். உங்கட வீட்டில என்ன சொல்லுவினம்?"

"சொல்லுறதைச் சொல்லட்டும். முதல் உங்கட அம்மாட்டப் போவம். நீங்கள் சாப்பிடுற இலையில உங்களோட இருந்து நானும் சாப்பிடுறன். அது செத்தவருக்கு வைச்ச சோறெண்டால், எனக்கும் சேத்து வைக்கட்டும்."

பாதை கரை தட்டியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா நல்லா உறைப்பாச் சமைப்பா" என்றார்.