இருபத்து மூன்றாம் படி

ஒன்பதாவது படியில் ஜெயராமன் சுத்தியலால் தட்டினார். சத்தம் இரண்டு தடவை கேட்டது.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சாக்பீஸால் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த படிக்கு ஏறினார். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கார்த்திகை; பகல் மூன்று மணியே மழை மூட்டத்தில் விளக்கு வைக்கிற நேரம்போல் இருண்டு கிடந்தது. அண்ணனூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு மேலே இரண்டு காலனிகளைச் சேர்க்கும் பழைய நடைபாலம் அது. ஓவர்சீயருக்கு அங்கே என்ன பெரிய வேலை? வருஷத்துக்கு ஒருமுறை படிப்படியாகத் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்ல படி. பொத்தென்றால் உள்ளே செத்த படி, அதற்குப் பெருக்கல் குறி.

படியடியில் குடை ரிப்பேர் செய்யும் வேம்புலி, அவர் வந்தபோதே வாயைத் திறந்துவிட்டான். "இன்னா சார், இந்த வாட்டியாச்சும் தட்டிப் பாக்குறியா?"

"உன் வேலையைப் பாருய்யா."

திமிரைப் பாருங்கள். போன வருஷம் இதே ஓவர்சீயர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, மசால்வடையைக் கடித்துக்கொண்டே 'நாற்பத்து நான்கு படிகளும் உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். நான்காம் நாள் இருபத்து மூன்றாம் படி உடைந்து, கருவாடு விற்கிற முனியம்மா கூடையோடு கீழே போனாள். விசாரணையில் இவர் கூசாமல் சொன்னார்: "குடிச்சிட்டு வந்து விழுந்துட்டா." சாராயத்தை வாயில் வைத்தறியாதவள் அவள். அந்தப் பழியோடுதான் அவளைப் புதைத்தார்கள். படியை மட்டும் புதிதாகப் போட்டார்கள்.

பதினான்காம் படியில் தட்டினார். படிக்கு அடியிலிருந்து பதில் தட்டு வந்தது. பதினைந்தில், அவர் சுத்தியலை ஓங்குவதற்குள்ளேயே வந்தது.

வேம்புலியைக் கூப்பிடத் திரும்பினார். விரித்த குடைகள் அப்போதுதான் பிடித்த மழையில் நனைந்துகொண்டிருந்தன, ஆளைக் காணோம். முதல் படியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டாம் படியில். மூன்றாவதில். அவசரமே இல்லாமல், ஒன்றையும் விடாமல், ஒழுங்காக. மழை வாசனைக்குள் ஈரக் கருவாட்டு நாற்றம் ஏறி, அவருக்குத் தொண்டையில் உப்புக் கரித்தது.

ஐயோ சாமி! தட்டுவதை விட்டுவிட்டு ஏறினார். பதினெட்டு. இருபது. பின்னாலேயே சத்தமும் ஏறியது.

இருபத்து மூன்றில் பெருக்கல் குறி. அவர் போட்டதல்ல.

நிற்க முடியவில்லை. தட்டு குதிகாலுக்கு வந்துவிட்டது.

காலை வைத்தார்.

படி உடைந்து முழங்கால்வரை உள்ளே போனது. கீழே, உப்புப் படிந்து சொரசொரத்த விரல்கள் கணுக்காலைப் பிடித்தன.

"விட்ரும்மா... நீ குடிக்கல. நான்தான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

"அத்த எழுதிக் குடு சார்," என்றது கீழிருந்து குரல்.

கையில் சாக்பீஸ்தான் இருந்தது. மேல்படியில் எழுதினார்: 'முனியம்மா குடிக்கவில்லை.' மழை அழித்தது. மறுபடி எழுதினார். அழித்தது. சாக்பீஸ் தேய்ந்து தீர்ந்தது. பிடி இறுகியது. விரலால் எழுதினார். தோல் போனது. நகம் போனது. எழுத்து சிவப்பாக வந்தது. அதையும் மழை கழுவிக்கொண்டு போனது.

கீழே, முதல் படியிலிருந்து, தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.