பள்ளத்துக்கு முன்னால் ஒரு குழாய்

பதினேழாவது நத்தையும் பள்ளத்தில் விழுந்து செத்தது.

"சே! இதெல்லாம் ஒரு கேமா?" கண்ணாடி போட்ட பையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வயது பத்து. ஆள் சின்னது, வாய் காரம் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பக்கத்தில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த விளையாட்டு அக்கா தனியாளாக உருவாக்கியது. இரண்டு வருட உழைப்பு. கல்லூரி விட்டு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நத்தை ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகும், அவ்வளவுதான் கதை.

இன்று நூலகக் கூடத்தில் புது விளையாட்டுகளின் கண்காட்சி. விளையாடிப் பார்த்துப் பிடித்திருந்தால், மேசைமேல் உள்ள அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். ஐந்து மணிக்குள் பத்து நட்சத்திரம் சேர்ந்தால், நூலகக் கணினிகளில் அந்த விளையாட்டுக்கு இடம் உண்டு.

மணி மூன்றரை. அக்காவின் அட்டையில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து மேசையில் அட்டை நிரம்பி, மேசை விரிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்" என்றாள் அக்கா.

"அக்கா!"

"முதல் பள்ளத்தையே யாராலயும் தாண்ட முடியல. எவ்வளவு சுலபமான பள்ளம்! கீழ் அம்புக்குறியை அழுத்தினா நத்தை ஓட்டுக்குள்ள சுருங்கும். அப்படியே தாவினா உருண்டு அந்தப் பக்கம் போயிடும். நாலு பக்கத்துக்கு எழுதி வேற வச்சிருக்கேன். ஒருத்தராவது படிக்கிறாங்களா?"

படிக்கவில்லை. எழுத்தைக் கண்டதும் எல்லாரும் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்தினார்கள். அக்கா பின்னால் நின்று, "அப்படி இல்ல, கீழே அழுத்துங்க, இப்ப தாவுங்க, ஐயோ!" என்று கத்தியும் பார்த்தாள். பாதிப் பேர் அதற்குப் பயந்தே ஓடிவிட்டார்கள்.

மிளகுக்கு அழுகை முட்டியது. கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பள்ளத்தைத் தாண்ட அவளுக்கு வரும். அதில் என்ன கஷ்டம் என்று அவளுக்கும் புரியவில்லை.

புரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே? அவள் எழுந்து ஓடினாள். கண்ணாடிப் பையன் வாசல் அருகே நின்றிருந்தான்.

"மறுபடி விளையாடக் கூப்பிடறியா? என்னால முடியாது" என்றான்.

"வேண்டாம். விழுந்தப்ப என்ன நினைச்சேன்னு மட்டும் சொல்லு."

அவன் யோசித்தான். "தாவணும்னு நினைச்சேன். தாவினேன். விழுந்துச்சு. அது சுருங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? என்ன தப்பு பண்ணேன்னே தெரியாம சாகறப்ப, நான் ஒரு மக்குன்னு தோணுச்சு."

மிளகுக்குச் சுருக்கென்றது. திரும்பி ஓடி வந்தாள்.

"அக்கா, பள்ளத்துக்கு முன்னாடி ஒரு குழாய் வை."

"என்ன குழாய்?"

"சின்னக் குழாய். சுருங்கினாத்தான் நத்தை உள்ள நுழைய முடியணும். அங்க யாரும் சாகக் கூடாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் முட்டிக்கிட்டு நிக்கட்டும். குழாய்க்கு மேல, கீழ் அம்புக்குறி படம் மட்டும் போடு. அடுத்து, சுருங்கித் தாவினா மட்டும் ஏற முடியற மாதிரி ஒரு படி. அதுக்கப்புறம் பள்ளம் வரட்டும்."

"நான் எழுதின நாலு பக்கம்?"

"தூக்கிடு."

"மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன்டி!"

"நானே படிச்சதில்லக்கா."

அக்கா முறைத்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "இனிமே என்ன பண்ணி என்ன ஆகப்போகுது?"

"அழிக்கத்தானே போறே? அதுக்கு முன்னாடி இதையும் பண்ணிட்டு அழியேன்."

வேலை முடியும்போது மணி நாலு இருபது. கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பக்கத்து மேசையில் மகளை விட்டுவிட்டு, பேருந்து ஓட்டுநர் ஒருவர் அக்காவின் மேசை முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் வந்து சாய்ந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. கால் வலிக்குது, சும்மா உட்கார்றேன்."

"உட்காருங்க மாமா" என்றாள் மிளகு.

சும்மா இருக்குமா கை? நத்தை நகர்ந்தது. குழாயில் முட்டியது. மறுபடியும் முட்டியது. அக்கா வாயைத் திறந்தாள். மிளகு அவள் காலை மிதித்தாள்.

ஓட்டுநர் குனிந்து படத்தைப் பார்த்தார். அழுத்தினார். நத்தை சுருங்கி உள்ளே நழுவியது.

"அட! படுத்துக்கிச்சு!"

படியில் மூன்றாவது முயற்சியில் ஏறினார். அடுத்து பள்ளம். தாவினார். விழுந்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருங்க, இருங்க" என்றார் ஓட்டுநர். "நான்தான் சுருங்கறதுக்கு முன்னாடியே தாவிட்டேன்." மறுபடி முயன்றார். நத்தை உருண்டது. பள்ளம் பின்னால் போனது. "தாண்டிட்டேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மகள் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

ஐந்து மணிக்கு நூலகர் வந்து அட்டையை எண்ணினார். ஆறு நட்சத்திரம்.

"பத்து வேணுமேம்மா" என்றார் வருத்தத்தோடு. அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா ஒயர்களைச் சுற்றினாள். கணினியைப் பையில் வைத்தாள். இருவரும் வீட்டை நோக்கிப் பாதித் தெரு நடந்தார்கள். 'நிஜமாவே அழிச்சிடுவியா?' என்று கேட்க மிளகுக்குத் துணிவு வரவில்லை.

முனை திரும்பியதும் அக்கா நின்றாள்.

"தாண்டினவங்கள்ல நாலு பேர் ரெண்டாவது பள்ளத்துல விழுந்தாங்க."

"ஆமாக்கா" என்றாள் மிளகு மெதுவாக.

"என்ன நினைச்சாங்கன்னு கேட்டியா?"

"நாலு பேர்கிட்டயும் கேட்டேன்."

அக்கா நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றாள்.