வைத்தீஸ்வரன் மாட்டிய கதவு

"பூட்டிண்டு உள்ளயே உக்காந்தா ஆச்சா? வெளில வாங்கோ!"

"தாழ்ப்பாள் திறந்துதாண்டி இருக்கு! கதவுதான் வரமாட்டேங்கறது!"

லேக் கார்டன்ஸ் மூன்றாம் மாடியில் ஜலஜாவும் வைத்தீஸ்வரனும் குளியலறைக் கதவின் இரு பக்கமும் நின்று கத்தியது கீழ்வீடு வரை கேட்டது. புதிதா என்ன? கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே பூஜைப் பந்தலுக்குக் கிளம்பினார்கள்.

சண்டையே அந்தக் கதவால்தான். மரக்கதவு உளுத்துப்போனதும், மனுஷன் தன் ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட பலகையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். இழைகளுக்கு நடுவே பசைக் குமிழ்கள்; விரிசல் விட்டால் குமிழ் உடைந்து, பசை ஊறி, தானே மூடிக்கொள்ளுமாம். "புண் ஆர்ற மாதிரி" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றல். போன வாரம் ஆத்திரத்தில் ஜலஜா கரண்டியால் போட்ட கீறலை மறுநாள் காலையில் காணோம்.

இப்போது குனிந்து பார்த்தாள். தெருவில் வங்காளிகளின் டாக் மேளம் அதிர, ஜன்னல் வழியே சாம்பிராணிப் புகை நுழைய, அதையும் மீறி நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு நெடி மூக்கில் ஏற, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்த இடுக்கு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து கீழாக மூடிக்கொண்டு வந்தது.

கதவைத் தோளால் முட்டினாள்; அசையவில்லை.

ஆயுத பூஜை நாள். வீட்டிலிருந்த கத்தி, ரம்பம் எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் இருந்தன.

"ரம்பம் எடுத்துண்டு வரேன்!"

"விஜயதசமி வரைக்கும் அதைத் தொடாதேடி!"

"செத்துண்டிருக்கச்சே சாஸ்திரம் வேறயா? வாயை மூடுங்கோ!"

அறுத்தாள். ரம்பம் நகர நகர, பின்னாலேயே கீறல் கூடிக்கொண்டது. மறுபடி அறுத்தாள். பல் சிக்கியது. பிடுங்கினாள். ஒரு சாண் பிளவு. நான்கு விரல்கள் வெளியே வந்தன. பிடித்து இழுத்தாள்.

"வலிக்கறதுடி. விடு."

விட்டாள்.

ஒரு நொடிதான்.

பிளவு இல்லை. பலகையில் நான்கு நகங்கள்.

மறுநாள் பின்சுவரை இடித்துப் பார்த்தவர்கள், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை என்றார்கள். கதவு மட்டும் சற்றுத் தடித்திருந்ததாம். தொட்டால் சூடாம்.

காரியம் பண்ணவில்லை; எதை வைத்துப் பண்ணுவது? மகள் ஸ்னேகா தை மாதமே கூடப் படித்த வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டு புனே போய்விட்டாள். ஜலஜா கார்டன் ரீச்சில் தம்பி வீட்டோடு இருக்கிறாள். லேக் கார்டன்ஸ் வீட்டை விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, வாரம் ஒரு நாள் வருகிறாள். "இதையும் நானே பண்ணித் தொலைக்கணும்" என்று வைதபடியே கதவின் முன் உட்கார்ந்து, வளர்ந்த நகங்களை ஒவ்வொன்றாக வெட்டுகிறாள்.

கட்டைவிரல் நகம் போன வாரம்தான் வெளியே வந்திருக்கிறது.