முதலாளி இன்னும் கீழேதான் இருக்கிறார்

மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஈர மணலை யாரோ நகத்தால் அவசரமில்லாமல் கீறுவதுபோல. ஒரு கீறல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு கீறல். ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து வந்தது. அந்தத் தொட்டிக்குள் உயிருள்ளது எதுவும் இல்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணி, சீக்கிரம் வாங்க! முதலாளி எழுந்துட்டார்!"

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து வந்து ஐந்து நாளான நாத்தனார், தொட்டியை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். அடிமணலில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சுரங்கம். காலையில் அது இல்லை.

"தோலுரிச்சு முடிச்சிருப்பார். நீங்க மட்டும் பார்த்துக்கலேன்னா செத்தே போயிருப்பார் அண்ணி."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

முதலாளி ஒரு துறவி நண்டு. பெரிய மொச்சைக்கொட்டை அளவுதான். முதுகில் வீடாகச் சுமக்கும் ஒரு சின்னக் காலிச் சங்கு. இஷ்டத்துக்கு வருவார், இஷ்டத்துக்குப் போவார் என்பதால் அந்தப் பெயர். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த நாத்தனாரை, நண்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்; ஒரு காது சின்ன வயதிலிருந்தே கேட்காததால் பாதிக் கேலி அவளுக்கு எட்டாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் ஒன்றையே மூன்று தடவை சொன்னாள்.

"அவர் மண்ணுக்குள்ள போனா போகட்டும். பழைய தோலைக் கழட்டப் போயிருக்கார்னு அர்த்தம். வாரக்கணக்காகும். அப்போ உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். தயவுசெஞ்சு தோண்டிப் பார்த்துடாதீங்க. தினமும் கொஞ்சம் உப்புத்தண்ணி மட்டும் தெளிங்க, போதும்."

இவள் தெளிக்கவில்லை. பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்துகொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. அந்த வாரம் தலைக்கு மேல் இருந்தது. ஒன்பது நாள் மறந்தேபோனாள். பத்தாம் நாள் பார்த்தால் மணல் காய்ந்து கிடந்தது, நண்டைக் காணோம். லேசாக மீன் வாடை. செத்துவிட்டது, என்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். எடுத்தெறிந்துவிட்டு இதேபோல இன்னொன்றை வாங்கிவைத்தால் விஷயம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். பட்டறையில் மெழுகு செதுக்கும் கத்தியால் தோண்டினாள்.

ஒரு ஜாண் ஆழத்தில் குகைபோல ஒரு வெற்றிடம். அதில் சங்குக்கு வெளியே பாதி வந்து அது கிடந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, கண்ணிமையைப்போல மெல்லிய தோலோடு. கத்தி ஏற்கெனவே வயிற்றில் இறங்கியிருந்தது. அது ஒரு காலைத் தூக்கியது.

உயிரோடு இருந்தது. காகிதத்தில் சுற்றிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டபோதும் உயிரோடுதான் இருந்தது. முதல் தடவை போகவில்லை. இரண்டாம் தடவை போனது.

வெறும் சங்கைப் புதைத்து மணலைத் தடவிவிட்டாள். அதே அளவில் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் கேட்கும்போதெல்லாம், "கீழேதான் இருக்கார்மா, நல்லாத் தூங்குறார்" என்றாள். சொல்லச் சொல்ல அந்தப் பொய் அவள் வாய்க்குப் பழகிவிட்டது.

சுரங்கம் தெரிந்த அன்று சாயங்காலம் அவள் கணவன் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு உயிரைக் காப்பாத்திட்டே" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். அவளுக்கு உள்ளங்கால் வரை கூசியது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்; காபி வேண்டுமா என்று கேட்டாள்.

அதன்பிறகு வீடு அடங்கும்போதெல்லாம் கீறல் கேட்டது. டிவியைச் சத்தமாக வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில், குளியலறையில், தன் புடவைத் தலைப்பில் கடல் வாடை அடிப்பதாகத் தோன்றி மூன்று தடவை கை கழுவினாள். சுரங்கம் கண்ணாடியோரமாகவே மேலேறிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை விரலால் தொடர்ந்தபடி சொல்வாள்: "சங்கு சின்னதாப் போயிருக்கும், புதுசு தேடுவார். வெறும் உடம்போட நண்டால இருக்கவே முடியாது அண்ணி. கிடைச்ச ஓட்டைக்குள்ள புகுந்துக்கும். ஒரு தடவை பேனா மூடிக்குள்ள போயிட்டார், பாருங்களேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் கீறல் நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். வலி மாத்திரை போட்ட நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழுந்தது. தொட்டியின் மூடி இரண்டு விரல் அளவு விலகியிருந்தது. மணலின் நடுவே ஒரு துளை. திறந்த துளை.

கையை விட்டாள். மணல் கதகதப்பாக இருந்தது. சங்கு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். வெறும் சங்கு. அவள் வைத்த சங்குதான்.

கண்ணாடியில் ஈரக்கோடு. உள்பக்கம் மேலேறி, வெளிப்பக்கம் இறங்கியிருந்தது.

கட்டில் காலில் ஈரம். விரிப்பில் ஈரம்.

தலையணையில் மணல். நாலைந்து துகள்.

தலையணையைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. போர்வையை உதறினாள். ஒன்றுமில்லை. நாத்தனார் கண் விழித்து, "என்ன அண்ணி, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்றாள்.

அவள் கட்டிலருகே மண்டியிட்டாள். இனிமேல் முடியாது.

"நான்தாம்மா கொன்னேன். நீ சொல்லியும் கேக்காம தோண்டிட்டேன். உயிரோட இருந்துச்சு. கழிப்பறையில போட்டுட்டேன். உங்கிட்ட இத்தனை நாளா பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுடும்மா."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. தூக்கக் கலக்கத்தோடு ஒரு சிரிப்பு.

"என்ன சொன்னீங்க அண்ணி? உதடு அசையுது, ஒண்ணுமே கேக்கல. கேக்குற காதும் அடைச்சாப்பல இருக்கு."

தலையணையில் புதைந்திருந்த பக்கத்தைத் திருப்பி, முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

காதுக்குள்ளிருந்து மூன்று மெல்லிய சிவந்த கால்கள் நீண்டு வந்து காற்றைத் தடவிப் பார்த்தன. அவள் மூச்சு பட்டதும் சரேலென உள்ளே போயின. பின்னாலேயே ஒரு சின்ன வெள்ளைக் கொடுக்கு வந்து, வாசலைச் சாத்துவதுபோல, துளையை அடைத்துக்கொண்டது.