புரண்டு படுத்த குற்றம்

மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கத்தான் செல்வராணி அடுப்பருகே நின்றிருந்தாள். நின்றபடியே கண் செருகிவிட்டது! ஏழு மாத வயிறு மேடையில் இடிக்க, திடுக்கிட்டு விழித்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் வாடை.

“அய்யய்யோ, கருக்கிட்டாளே! நின்னுக்கிட்டேவாடி தூங்குவ?” என்று மாமியார் சொர்ணவல்லி ஓடி வந்தாள்.

தூங்காமல் என்ன செய்வாள் பாவம்? அன்னவாசலில் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி புரண்டு படுத்தால் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளுமாம். அதனால் எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டுமாம். மூன்று மாதமாக மருமகளின் பாய்க்குப் பக்கத்திலேயே சொர்ணவல்லி படுத்திருந்தாள். இவள் லேசாக அசைந்தாலும் போதும், “எந்திரிச்சு உக்காந்து திரும்புடி!” என்று உலுக்கிவிடுவாள். ஜெயில் காவல் தோற்றது போங்கள்!

அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் செல்வராணியின் தலைப்பிள்ளை இறந்தே பிறந்தது. “எம் மருமக புரண்டு புரண்டு படுத்தே புள்ளயக் கொன்னுட்டா” என்று சொர்ணவல்லி ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள். செல்வராணி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

“எனக்கு முடியல அத்த. கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்...”

“விடிஞ்சதும் படுக்கையா? போ, படுத்து உருளு! போன தடவ மாதிரி இதையும் முழுங்கு!”

அந்தச் சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்தாள். வீட்டிலிருந்த தலையணை அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து, ஹாலில் புருஷன் கவியரசன் சுகமாகப் படுக்கும் கட்டிலில் போட்டாள். இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, முதுகுக்கு ஒன்று வைத்துப் படுத்தாள்.

“பொரள்றதுக்கும் கொடி சுத்துறதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நர்சம்மா சொல்லிருச்சு. நான் தூங்கப் போறேன். யாரும் என்னைத் தொடக் கூடாது!”

“பாத்தியாடா கவி, ஒம் பொண்டாட்டி பேசுற பேச்ச!”

வேலைக்குக் கிளம்பி நின்ற கவியரசன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏங்க, நீங்க சொல்றீங்களா... இல்ல நான் சொல்லவா?”

அவன் கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைத்தான்.

“அம்மா... அந்தப் புள்ள கொடி சுத்திச் சாகல. இவளுக்குப் பிரஷர். காலும் மொகமும் வீங்கி, தலவலிக்குதுன்னு அழுதா. அஷ்டமி, நவமி கழியட்டும்னு ஆஸ்பத்திரிக்குப் போகவிடாம நீ ரெண்டு நாள் நிறுத்தி வச்ச. நானும் ஒம் பேச்சக் கேட்டு நின்னேன். மொத நாளே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்கம்மா...”

சொர்ணவல்லி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

“இது... இவளுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும்” என்றாள் செல்வராணி.

“பெறகு ஏண்டி வாயத் தொறக்கல? ஊரு பூரா ஒன்னய நாறடிச்சேனேடி, பாவி நான்!”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு அவுக எங் கையப் புடிச்சு அழுதாக. எம் மேலயே பழி கெடக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா எந் தூக்கத்துல கை வைக்கிறது எம் புள்ள மேல கை வைக்கிற மாதிரி அத்த. அத விட மாட்டேன்!”

சொர்ணவல்லி தவழ்ந்து வந்து மருமகளின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். “என்னய மன்னிச்சிருடி தாயி...!”

செல்வராணி கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். மாமியாரின் நரைத்த தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

“மன்னிச்சுட்டேன் அத்த. அழணும்னா அங்கிட்டுப் போய் அழுங்க. எனக்குத் தூக்கம் வருது.”

கருகல் வாடைக்குப் பக்கத்து வீட்டுச் செங்கமலம் வாசலில் வந்து நின்றாள். “என்ன சொர்ணக்கா, காலையிலயே மருமக கட்டில்ல?”

சொர்ணவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஆமா, படுத்திருக்கா! எம் பேரப்புள்ள செத்தது இவளால இல்ல செங்கமலம், என்னால. ரெண்டு வருசமா நாந்தான் இவ மேல பழி போட்டேன். ஊருக்கே போய்ச் சொல்லு. இப்ப சத்தம் போடாமப் போ!”

இரண்டு வருடம் கழித்து வந்த அந்த நியாயத்தைக் கேட்க செல்வராணி விழித்திருக்கவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.