அளவு ரவிக்கை

திருஷ்டிப் பொம்மையின் ரவிக்கை நேற்றுவரை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காலை வியாகுலமேரி கடைக் கதவைத் திறந்து எதிர்ச்சாரிக் கட்டடத்தின் சாரத்தை நிமிர்ந்து பார்த்தபோது அது உடம்போடு பிடித்திருந்தது. அக்குளில் சுருக்கமில்லை. தோளில் தொய்வில்லை. தெருவில் போகிற வேறு யார் கண்ணிலும் இது பட்டிருக்காது. பாதி ஆயுளைத் தையல் மெஷின் முன்னால் கழித்தவளின் கண்ணுக்குத் தப்பவில்லை.

மழையில் வைக்கோல் ஊறி உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மழை பெய்து மாதக்கணக்காகிறது என்பது மெஷினுக்கு எண்ணெய் விடும்போதுதான் உறைத்தது.

புதுக்கோட்டைக்கு வெளியே, பங்களாக்களுக்கு நடுவே இருந்த கடைத்தெரு அது. சமஸ்தானம் இருந்த காலத்தில் மோட்டார்கள் வரிசையாக வந்து நிற்கும். அரண்மனைச் சொந்தக்காரர்கள் வருவார்கள், பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் வருவார்கள், துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு வருவார்கள். சமஸ்தானம் போனது. பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, தோட்டங்களில் முள் மண்டியது. கடைகளின் ஓடு சரிந்தது. வாசனைச் சோப்பு விற்ற கண்ணாடி அலமாரியில் பல்லி முட்டையிட்டது. இப்போது கமிட்டி போட்டு, எதிர்ச்சாரியை இடித்துவிட்டுத் தளம் போட்ட தார்சுக் கட்டடம் எழுப்புகிறார்கள். பஸ் அங்கேயே நிற்கப் போகிறதாம். புதுக் கட்டடத்தில் தையலுக்கு ஒரே ஒரு கடைதான். இரண்டு தெருவையும் பார்த்த மூலைக்கடை. அது ஞானமணிக்கு என்று முடிவாகிவிட்டது. அந்த வேலை முடிந்ததும் இந்தச் சாரியும் இடிபடும். வியாகுலமேரி மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

ஞானமணி அவளிடம் கத்தரி பிடிக்கக் கற்றவள். காஜா எடுக்கும்போது ஊசியால் குத்திக்கொண்டு விரலைச் சப்பியவள். அவளுக்கு மூலைக்கடை! கலகலவென்று சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு மேஸ்திரி ஸ்டூல் எடுத்துப் போடுகிறான். கமிட்டி ரெங்கராஜ் வெயிலில் நின்று பேசுகிறார். மிச்சமிருந்த ஒரே பங்களா அம்மாளும் போன பண்டிகைக்குத் துணியை அவளிடம் கொடுத்துவிட்டாள். ஞானமணியின் சிரிப்பு தெருவைத் தாண்டி வரும்போதெல்லாம் வியாகுலமேரியின் நெஞ்சுக்குள் சூட்டுக்கோல் வைத்தாற்போல் இருக்கும்.

கட்டடத்துக்குக் கண்படாமல் இருக்கப் பொம்மை கட்ட வேண்டும் என்று கொத்தனார் சேவுகன் வந்தது அப்படி ஒரு நாளில்தான்.

"பழைய ரவிக்கை ஒண்ணு இருந்தா குடுங்கம்மா. செத்தவுக துணின்னாலும் சரி, யாருதுன்னு தெரியாததுன்னாலும் சரி. உசுரோட இருக்கவுக துணி மட்டும் ஆகாது."

"ஏன், உடுத்துனா பொம்மைக்கு வெக்கமா?"

"வெளையாடாதீங்க. ஊருக்கண்ணு பூரா அதுமேலதான் விழும். துணிக்குச் சொந்தக்காரவுக தாங்கணும்ல?"

தைக்கக் கொடுப்பவர்கள், உடம்புக்குச் சரியாக இருக்கும் ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று தையல்காரியிடமே விட்டுவைப்பது வழக்கம். தன் ரவிக்கையை மட்டும் இன்னும் இவளிடமே தைத்துக்கொள்ளும் ஞானமணியின் அளவு ரவிக்கை, பச்சைக் கட்டம் போட்டது, வியாகுலமேரியின் அலமாரியில் கிடந்தது. மற்றவற்றையெல்லாம் நகர்த்திவிட்டு அதை எடுத்தாள்.

"இது யாருதும்மா?"

"எவ விட்டுட்டுப் போனாளோ. தெரியல."

அன்று மாலை சாரத்தின் மூலைக் கம்பில் பொம்மை ஏறியது. வைக்கோல் உடம்பு, கரிப்புள்ளி வைத்த சட்டித் தலை. காற்றில் ஒல்லியாக ஆடியது. வியாகுலமேரி அதைப் பார்த்துக்கொண்டே தைத்தாள். அன்றிலிருந்து தினமும் பார்த்தாள்.

பொம்மைக்கு ரவிக்கை இறுகிப்போன அந்த வாரமே ஞானமணி வாசலில் வந்து நின்றாள். கையில் துணி மூட்டை.

"அக்கா, இருக்கீங்களா?"

"கடை தொறந்துதானே கெடக்கு."

"என் ரவிக்கையெல்லாம் தொளதொளங்குது. கொஞ்சம் பிடிச்சுத் தாங்கக்கா."

"மூலைக்கடைக்காரி எங்கிட்ட வரணுமாக்கும்?"

"என் முதுக நானே பாக்க முடியுமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. "கோவத்த விடுங்க. ரெண்டு மெஷினு போட எடமிருக்கு. நீங்களும் அங்கிட்டு வந்துருங்க. ரெங்கராஜ் சார்ட்ட கேட்டுட்டேன்."

வியாகுலமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிச்சை போடுகிறாள். என் கடையை எனக்கே பிச்சை போடுகிறாள்.

"கூலிக்கு ஆள் பிடிக்க வந்தியா? திரும்பி நில்லுடி."

முதுகுப் பக்கத்துத் துணியைக் கிள்ளிப் பிடித்துக் குண்டூசி குத்தினாள். பிடிக்கப் பிடிக்கத் துணி வந்துகொண்டே இருந்தது. உள்ளே உடம்பைக் காணோம். ஞானமணியின் பின்கழுத்திலிருந்து, பவுடர் வாசனைக்கு அடியில், பழைய வைக்கோலின் மக்கல் வாடை வந்தது. அவள் தோளுக்கு மேலே, வாசலுக்கு அப்பால், சாரத்தின் மூலையில் பச்சைக் கட்டம் தெரிந்தது. பொம்மையின் கை இப்போது முழங்கையில் உருண்டு, மணிக்கட்டில் சிறுத்து, ஒரு பெண்ணின் கையாக இருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேவுகன் ஏறி அவிழ்த்துவிடுவான். வியாகுலமேரி வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞானமணி இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் வரவில்லை. படுத்துவிட்டாள் என்றார்கள். ஒரு நாள் சேவுகன் வந்து வாசலில் குந்தினான்.

"அந்த மூலைச் சாரத்துல எவனும் ஏற மாட்டேங்குறாம்மா. பொம்மை மூச்சு விடுதுங்குறான். மெய்யாச் சொல்லுங்க, அந்த ரவிக்கை யாருது?"

"தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து போனான். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

ஞானமணியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிப் பெட்டியைத் தூக்குகிற மாதிரி அது மேலே எழும்பியது. கல்லறைத் தோட்டத்தில் அவ்வளவு கூட்டம். பங்களா அம்மாள்கூட மோட்டாரில் வந்திருந்தாள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று வியாகுலமேரி கூட்டத்தை நோட்டம் விட்டாள். பிறகுதான் அழுதாள்.

ரெங்கராஜ் மூலைக்கடைச் சாவியை அவள் கையில் வைத்தார். "இனி உங்களுக்குத்தாம்மா. பொழுதோட போய்ப் பாத்துட்டு வந்துருங்க. இன்னும் கரண்டு வரல."

அவள் போனபோது வெளிச்சம் மஞ்சளாகி, பங்களா மரங்களின் நிழல் சாலையைத் தாண்டி நீண்டு, புதுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை. எங்கோ ஒரு பூட்டிய பங்களாவில் ஜன்னல் கதவு காற்றில் மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. மூலைக் கம்பில் பொம்மை இல்லை. கயிறு மட்டும் தொங்கியது. எவனோ அவிழ்த்துவிட்டான், தொல்லை விட்டது என்று நினைத்தாள். பூட்டைத் திறந்தாள்.

என் கடை. சுவரைத் தடவினாள். இங்கே மெஷின். அங்கே கண்ணாடி. இந்த ஜன்னல் வழியாகப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். ஞானமணியை அல்ல. என்னை.

உள்ளே நல்ல இருட்டு.

வைக்கோல் வாடை.

சுவரைப் பார்த்தபடி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பச்சைக் கட்டம். முதுகில் தையல் பிரிந்து, ரவிக்கை இரண்டு பக்கமும் விலகியிருந்தது. இடைவெளியில் வைக்கோல் இல்லை. சதை. கொழுகொழுவென்று, வியர்வை மினுங்கும் சதை. அந்தப் பயத்திலும் வியாகுலமேரிக்குள் ஒன்று சுருக்கென்று குத்தியது. எவ்வளவு அழகான முதுகு. என் வயதில் யாருக்கு இப்படி?

அவள் நினைத்ததும், கண்ணெதிரே, அந்த முதுகு இன்னும் கொஞ்சம் பூரித்தது. மிச்சத் தையலும் பட்பட்டென்று தெறித்தது.

பார்க்கக் கூடாது. கண்ணை மூடு. மூட முடியவில்லை.

உருவம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெல்லத் தூக்கியது. தையல்காரியிடம் வரும் எல்லாப் பெண்களும் தூக்குவது போல. காத்துக்கொண்டு நின்றது.

கால்கள் ஓடவில்லை. கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பழக்கப்பட்ட கைகள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவின. அருகே போனாள். உடம்பின் சூடு முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து நாடாவின் நுனியை அக்குளுக்கு அடியில் விட்டு, மார்பைச் சுற்றி முன்னால் கொண்டுபோனாள். மறுகையால் அதைப் பிடிப்பதற்காக அந்தப் பக்கம் துழாவினாள்.

எட்டவில்லை.

முன்பக்கத்து இருட்டில், நாடாவின் நுனியை வேறொரு கை வாங்கிக்கொண்டது. மெதுவாக இழுக்க ஆரம்பித்தது.