நீளக் கூடு

எழுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையும் கையில் முறுக்குத் தூக்குமாகச் சிறுவாச்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சிந்தாமணி புகுந்த வீட்டுக்கு நடந்து வந்தபோது உச்சிவெயில். தாய்வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். கூடத்தில் கால் வைத்ததும் ஈரமண் வாசனை அடித்தது. ஊரில் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

யாரும் அவளை வா என்று சொல்லவில்லை. மாமனார் காசிநாதன் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிநாதன் முன்னாள் ஊராட்சித் தலைவர். பதவி போய் இரண்டு வருஷமாகியும், எதிரே மைக் இருக்கும் நினைப்பு மட்டும் போகவில்லை. மோர் கேட்பதென்றாலும் முதலில் தொண்டையைக் கனைப்பார். ஒவ்வொரு பேச்சு முடிவிலும் கைதட்டலுக்கு இடம் விடுவார். வீட்டில் அந்த இடத்தை எருமை கத்தி நிரப்பும்.

கனைத்தார். "பாரும்மா. ஊருல எத்தனையோ வூடு இருக்க, குளவி நம்ம வூட்டத் தேடி வந்து கூடு கட்டியிருக்கு."

தூளி மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், ஒரு முழ நீளத்துக்கு மண்கூடு.

குளவி கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும்; உருண்டையாகக் கட்டினால் பெண், நீளமாகக் கட்டினால் ஆண்; பிறக்கும்வரை கலைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது.

"நீட்டமா இருக்கு பாத்தியா, பேரந்தான்" என்றாள் மாமியார் பொன்னம்மாள்.

"இவ்வளவு பெருசாவா கட்டும், அத்த?"

"தலைவர் வூடுல்ல!" என்றார் காசிநாதன். எருமை கத்தியது.

மறுநாள் பகலில் சிந்தாமணி அந்தக் குளவியை நேரில் கண்டாள். சன்னல் கம்பிக்குள் நுழைய முடியாமல் வாசல் வழியாக வந்தது. மைனா பருமன். கருநீல உடம்பு, நூல் போன்ற இடுப்பு. கால்களுக்கிடையில் ஓர் ஓணான்.

ஓணான் சாகவில்லை. அசையவுமில்லை. கண் மட்டும் உருண்டது.

குளவி அதைக் கூட்டுக்குள் தள்ளி, மண் பூசி மூடியது.

அடுத்த வாரம் கோழிக்குஞ்சு. அதற்கடுத்து பூனைக்குட்டி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அதனதன் அளவுக்கு. மூடிய அறைகளுக்குள்ளிருந்து சுரண்டும் சத்தம் வரும். சில நாள் கழித்து, மெல்லும் சத்தம்.

"அத்த, பூனக்குட்டிய உள்ள வச்சு மூடுறத நான் கண்ணால பாத்தேன்."

"மாசமா இருக்கறவ கண்டதையும் பாக்கக் கூடாதுடி."

புருஷன் நடராசன் வடக்கே லாரி ஓட்டப் போயிருந்தான். எழுதிப்போட்டாள். 'அப்பா சொல்வதைக் கேட்டு நடக்கவும்' என்று இன்லண்ட் லெட்டர் வந்தது.

ஆறாம் மாதத்தில் கூடு சுவர் வழியாக இறங்கித் தரையைத் தொட்டது. நெற்குதிர் போல நின்றது. கடைசியாகக் கட்டிய அறைமட்டும் வாய் திறந்து காலியாகக் கிடந்தது. ஓர் ஆள் உள்ளே நிற்கலாம்.

ஒரு பகல் அவள் பாயில் படுத்திருந்தாள். குளவி வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது. இப்போது பருந்தளவு.



இரண்டு உணர்கொம்புகளும் சேலைமேல் தட்டின. இந்தப் பக்கம் ஒரு தட்டு. அந்தப் பக்கம் ஒரு தட்டு. தையல்காரன் அளவெடுப்பதுபோல.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

கொம்புகள் நின்றன.

பிறகு எழுந்து போய், திறந்த அறையின் விளிம்பில் இன்னும் ஒரு வாய் ஈரமண் வைத்தது.

அன்று மாலை சிந்தாமணி உலக்கையோடு கூட்டை நோக்கிப் போனாள். காசிநாதன் பிடுங்கிக்கொண்டார்.

"என் வம்சத்து மேலயா கை வைக்கிற?"

"வம்சம் என் வயித்துல இருக்கு, மாமா!"

"வயித்துல இருக்கறது ஊருக்குத் தெரியுதா? இது தெரியுது."

இனி அவளுக்கு ஒரே நம்பிக்கை, ஏழாம் மாத வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நாட்களை எண்ணினாள்.

வளைகாப்பைக் காசிநாதன் பொதுக்கூட்டமாக்கிவிட்டார். மைக்செட் வந்தது. நோட்டீஸ் அடித்தார். அதில் அவர் பெயர் பெரிய எழுத்திலும், குளவியின் பெயர் அதற்கடுத்த அளவு எழுத்திலும் இருந்தன. சிந்தாமணியின் பெயர் இல்லை.

கூட்டுக்கு மாலை போட்டுவிட்டு, அதற்கு முதுகு காட்டி நின்று, ஒரு விரலை உயர்த்தினார்.

"இந்தக் குளவி எங்கே போகும்? தகுதி இருக்கும் இடத்துக்குத்தான் போகும்!"

அது வந்தது. அவர் பிடரியில் உட்கார்ந்தது.

"மாமா, பின்னால!" என்று சிந்தாமணி கத்தினாள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

"என் வம்சம்..." என்றார் காசிநாதன்.

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடி. விரல் உயர்ந்தபடி.

கூட்டம் கைதட்டியது. அவர் இடம் விடுவது ஊருக்குப் பழக்கம். தட்டி முடித்தும் அவர் தொடராததால், போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டினார்கள்.

பெரம்பலூர் டாக்டர் வாதம் என்றார். கூடத்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். உயர்ந்த விரலை மடக்க முடியவில்லை. கண் மட்டும் உருண்டது. திறந்த அறையைப் பார்த்தது, சிந்தாமணியைப் பார்த்தது, மறுபடி அறையைப் பார்த்தது.

"அத்த, மாமா கண்ணப் பாருங்க. இடிக்கச் சொல்றாரு."

"பொறக்கறவரைக்கும் கலைக்கக் கூடாது. அது அவரே சொன்ன சொல்லு."

தாய் அம்மாக்கண்ணு வந்து மகளை ஜெயங்கொண்டத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஆண்பிள்ளை பிறந்தது. தெருக்கோடிவரை கேட்கும்படி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் சிந்தாமணி மாதங்களுக்குப் பிறகு தூங்கினாள்.

அப்பாவுக்கு வாதம் என்றதும் லாரியை விட்டு ஊர் திரும்பியிருந்த நடராசன், ஒன்பதாம் நாள் பகலில் வந்தான். பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாவக் காணோம்" என்றான். "இவன் பொறந்த அன்னிக்குக் காலையில பாத்தா, கட்டில் காலியாக் கெடக்கு."

"அந்தத் தொறந்த அறை?"

"மூடியிருக்கு."

"நீங்க இடிக்கலியா?"

"ஊரெல்லாம் தேடிட்டு, இன்னிக்குத்தான் கடப்பாரையத் தூக்கினேன். உள்ளேருந்து கனைக்கிறாரு, சிந்தாமணி. பேசறதுக்கு முன்னாடி கனைப்பாரே, அப்படி. அப்பறம் மெல்லுற சத்தம். போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அத்தைய அங்கேயே விட்டுட்டா வந்தீங்க?"

"கூப்பிட்டேன், வரல. அவரு கனைக்கறப்பல்லாம் அம்மா கை தட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

அப்போதுதான் சிந்தாமணி கவனித்தாள். உள்ளே பிள்ளையின் அழுகை நின்றிருந்தது.

ஈரமண் வாசனை.

"ஆயி சிந்தாமணி, இங்க வந்து பாரேன்!" உள்ளேயிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "அடுத்ததுக்கும் இப்பவே சேதி வந்துடுச்சு! நீட்டமா உருண்டையான்னு இன்னும் தெரியல. கலைச்சுடாத!"

சிந்தாமணி ஓடினாள். தூளிக் கொக்கிக்குப் பக்கத்தில், எலுமிச்சங்காய் அளவு மண், தண்ணீர் சொட்டச் சொட்ட.

கீழே தூளியில் பிள்ளை மல்லாந்து கிடந்தது. கை அசையவில்லை. கால் அசையவில்லை.

கண் மட்டும் உருண்டது.